பாதியில் எழுந்தவளின் சுருள்முடி

அந்தக் காலத்தில் மிருகமும் பறவையும் மட்டுமல்ல, கொடிகூட வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தது. கடலுக்கு அப்பால், சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிற ஒரு நாட்டில், நல்ல கறுப்பு நிறத்து மனிதர்கள் மாடு மேய்த்து வாழ்ந்தார்கள். அவர்கள் முடி அப்போது சுருண்டிருக்கவில்லை. கோரைப்புல் போல நேராக, வழவழவென்று முதுகில் தொங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பிரயோசனம்தான் இல்லை. வகிடு பிரிந்த இடத்தில் வெயில் சுட்டது. பின்னி முடிப்பதற்குள் அவிழ்ந்தது. தலையில் பானை வைத்தால் பானை வழுக்கியது. சும்மாடு சுற்றி அதன்மேல் வைத்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கின. அதனால் அந்த ஊர்ப் பெண்கள் ஆளுக்கு இரண்டு சின்னச் சுரைக்குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தண்ணீருக்குப் போவார்கள்.

அந்த ஊரில் நஃபூலா என்றொரு பெண் இருந்தாள். இருந்தாள் என்று சொல்வதைவிட ஓடிக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம். காலில் சக்கரம் கட்டியவள். சாப்பிடும்போது நின்றுகொண்டு சாப்பிடுவாள், பேசும்போது நடந்துகொண்டு பேசுவாள், தூங்கும்போதும் கால் ஆடும். கல்யாணச் சடங்கில் உட்கார வைப்பதற்கே நான்கு பேர் தோளை அழுத்த வேண்டியிருந்ததாம். அவளுக்கு அயூமா என்று ஒரு கைக்குழந்தை. கணவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு புல் தேடித் தூரதேசம் போயிருந்தான். வீட்டில் துணைக்கு இருந்தது கணவனின் அக்கா கயேசி. நஃபூலா அவளை மதினி என்று கூப்பிடுவாள். கயேசியோ எதையும் ஆற அமரச் செய்கிறவள். ஒருத்தி ஓட்டம், ஒருத்தி நிதானம். ஒரே கூரைக்குக் கீழே எப்படி ஒத்துப்போகும்?

அந்த வருஷம் மழை பொய்த்தது. பக்கத்து ஓடை வறண்டது. பாறைக்குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. போய்வர அரைநாள் ஆகும். இரண்டு குடுவைத் தண்ணீர் வீடு வந்து சேரும்போது ஒன்றரை ஆகியிருக்கும். நஃபூலா கொண்டுவந்தால் ஒன்றுதான் மிஞ்சும், ஓடுகிற ஓட்டத்தில் பாதி சிந்திவிடும். வீட்டில் விட்டுப்போன ஒற்றை மாட்டுக்கும் கறவை நின்றது. நஃபூலாவுக்கே தாய்ப்பால் வற்றிவிட்டது. அயூமாவுக்குக் காய்ச்சல் வந்து உதடு வெடித்தது. அழுகிற குழந்தை அழுகையை நிறுத்தியது. அன்றைக்குத்தான் நஃபூலாவுக்கு உண்மையான பயம் வந்தது.

"மதினி, இவ கையைத் தூக்க மாட்டேங்குறா. விரலைக் கொடுத்தா பிடிக்கவும் மாட்டேங்குறா."

"தண்ணி வேணும் நஃபூலா. சொட்டுச் சொட்டா இல்ல, வயிறார வேணும். நான் பிள்ளையைப் பார்த்துக்கிறேன், நீ போய்ட்டு வா. இன்னைக்காவது சிந்தாம வா."

நஃபூலா ஓடினாள். ஊற்றில் குடுவைகளை நிரப்பினாள், திரும்பி ஓடினாள். பாதி வழியில், வழுக்குப் பாறை ஒன்றின் நிழலில் மூச்சு வாங்க நின்றாள். நின்றாள் என்றால், ஒரு காலை மாற்றி ஒரு காலில் குதித்துக்கொண்டு நின்றாள். அப்போது பாறையின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ பொண்ணே, ஒரு வாய் தண்ணி ஊத்திட்டுப் போ."

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு காட்டுச் சுரைக்கொடி. இலையெல்லாம் வாடிச் சுருங்கியிருந்தது. ஆனால் அதிலிருந்து போன வருஷத்துக் காய் ஒன்று, ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு, நன்றாகக் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாறையோ எறும்பு ஏறினாலும் வழுக்குகிற பாறை.

"இது என் பிள்ளைக்கு வச்ச தண்ணி. உனக்குக் கொடுக்க முடியாது," என்று சொல்லிவிட்டு நஃபூலா நடையைக் கட்டினாள். நான்கு எட்டு வைத்தவள் திரும்பி வந்தாள். "ஆமா, இத்தனாம்பெரிய காயை வச்சிக்கிட்டு இந்த வழுக்குப் பாறையில எப்படித் தொங்குற நீ?"

"சுருள் இருக்கே எனக்கு," என்றது கொடி. தண்டின் பக்கத்தில் பச்சைச் சுருள்கள் பாறையின் ஒவ்வொரு கீறலையும் சுற்றிப் பிடித்திருந்தன. "நேரா இருக்கிறது எதையும் பிடிக்காது. சுருண்டதுதான் பிடிக்கும். உன் தலையில இந்தச் சுருள் இருந்தா, இந்தக் காயைக் குடைஞ்சு நிறையத் தண்ணி மொண்டு தலையில வச்சிக்கிட்டு ரெண்டு கையையும் வீசிட்டுப் போகலாம்."

நஃபூலா கையிலிருந்த குடுவைகளைப் பார்த்தாள். இது இன்றைக்குப் போதும். நாளைக்கு? நாளை மறுநாளைக்கு? பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் சிந்தியதுபோக மிஞ்சும் ஒரு குடுவை எந்த மூலைக்கு? ஒரு குடுவையைக் கொடியின் வேரில் ஊற்றினாள்.

கொடி குடித்தது. இலை நிமிர்ந்தது. "உட்காரு," என்றது.

"எதுக்கு?"

"ஒவ்வொரு முடியா சுத்தி எடுக்கணும். பிடரியில ஆரம்பிச்சு நெத்தி வரைக்கும் வருவேன். முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"உட்காரவா? நானா?"

உட்கார்ந்தாள். மீதிக் குடுவையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொடி தன் சுருள்நுனியை இறக்கி, பிடரியில் முதல் முடியைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றியது. அடுத்தது. அடுத்தது. நஃபூலாவுக்கு முழங்கால் அரித்தது, முதுகு அரித்தது, அரிக்காத இடமெல்லாம் அரித்தது. நிழல் நகர்ந்தது.

"ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான்."

பிள்ளை இப்போது என்ன செய்கிறதோ. மதினி உதட்டை நனைத்தாளோ இல்லையோ. நிழல் இன்னும் நகர்ந்தது.

"ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான்."

"இதையே எத்தனை தடவை சொல்லுவ? உன் கொஞ்சத்துக்கு ஒரு அளவே கிடையாதா?"

"இழுக்காதேடி, முடி அறுந்துரும். அவசரத்துக்கும் சுருளுக்கும் ஆகாது."

பிடரி முடிந்தது, காதோரம் முடிந்தது, உச்சி முடிந்தது. நெற்றியோரம் ஒரு கை அகலம்தான் பாக்கி. அந்நேரம் பார்த்துக் காட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அயூமா! நஃபூலா துள்ளி எழுந்தாள். கொடியின் பிடி நழுவியது. எழுந்த வேகத்தில் கால் இடித்து, மீதிக் குடுவை உருண்டு, தண்ணீர் முழுவதையும் மண் குடித்தது.

மறுபடி சத்தம் வந்தது. அது குழந்தை இல்லை. இருவாச்சிப் பறவை. அதன் குரல் அப்படித்தான் இருக்கும். அந்த ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தாய்க்காரி காதுக்கு அன்று எல்லாமே அயூமாவாகத்தான் கேட்டது.

நஃபூலா ஈர மண்ணைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். கொடி அவளைத் திட்டவில்லை. காய்ந்த சுரையை மட்டும் கீழே இறக்கியது.

"பாதியில எழுந்துட்ட. நான் கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன். ஆனா நீ உட்காராத மிச்சம் அப்படியே இருக்கு. அதை நீயும் உன் ஜனங்களும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் தீர்க்கணும். போ, பிள்ளை காத்திருக்கு."

நஃபூலா ஊற்றுக்குத் திரும்ப ஓடினாள். கல்லால் சுரையின் கழுத்தை உடைத்து, உள்ளே இருந்ததைக் குடைந்து எறிந்து, விளிம்பு வரை தண்ணீர் மொண்டாள். தூக்கித் தலையில் வைத்தாள். முடி அதைப் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தாள். விழவில்லை. ஓர் எட்டு வைத்தாள், விழவில்லை. பிறகு கேட்கவா வேண்டும், நடந்தாள், விரைந்தாள், கையை வீசினாள். தளும்பிய நீர் முடியில் பட்டதும், இடுப்பு வரை கிடந்த முடி சரசரவென்று ஏறிக் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "ஐயோ, முடியெல்லாம் போச்சே!" என்று ஓரிழையைப் பிடித்து இழுத்தாள். இடுப்பு வரை வந்தது. விட்டாள். காதுக்குப் போய்விட்டது. கொடி தண்ணீரைக் கண்டால் தனக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளுமல்லவா, அந்தப் புத்தி முடிக்கும் வந்துவிட்டது.

ஊருக்குள் நுழைந்ததும் ஜனங்கள் வாய் பிளந்தார்கள். "என்னடி இது, தலையில குருவி கூடு கட்டிருச்சா?" என்று ஒருத்தி சிரித்தாள். நஃபூலா யாரையும் பார்க்கவில்லை. கயேசியின் மடியிலிருந்த குழந்தையை வாங்கி, உள்ளங்கையில் தண்ணீர் மொண்டு வாயில் விட்டாள். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாம் வாயும் வழிந்தது. மூன்றாம் வாய் தொண்டைக்குள் இறங்கியது. அயூமாவின் கை மெல்ல மேலே வந்தது. அம்மாவின் காதோரத்தில் தொங்கிய ஒரு சுருளைப் பிடித்தது. முன்பெல்லாம் அந்த முடி அதன் கையில் நிற்காமல் வழுக்கிப் போகும். இப்போது விரல் சுருளுக்குள் மாட்டிக்கொண்டது. குழந்தை விடவில்லை. இழுத்தது, நன்றாக வலிக்கும்படி இழுத்தது.

"இழு, என் தங்கமே, இழு," என்று நஃபூலா அழுதுகொண்டே சிரித்தாள்.

சிரித்தவர்கள் எல்லோரும் கலயத்தோடு வந்து நின்றார்கள். தாகம் யாரை விட்டது? கயேசிதான் சுரையைப் பிடித்து ஆளுக்கொரு வாய் ஊற்றினாள். எல்லோரும் குடித்த பிறகு அடியில் கலங்கி நின்றதை அவள் குடித்தாள். மறுநாள் விடிந்தபோது ஊர் முழுக்கத் தலை சுருண்டிருந்தது. முதலில் குடித்தவர்களுக்கு அலையலையாய்த் தளர்ந்த சுருள். பிறகு குடித்தவர்களுக்கு விரலில் சுற்றினாற்போன்ற சுருள். கொடியின் சாரமெல்லாம் அடியில் தங்கிவிட்டதால், கடைசியாகக் குடித்த கயேசிக்கு ஊசிமுனையில் சுற்றினாற்போல அத்தனை இறுக்கமான சுருள். எல்லோருக்கும் முன்னால் குடித்த அயூமாவுக்கு மெத்தென்ற இளஞ்சுருள். அதனால்தான் கைக்குழந்தை முடி முதலில் தளர்ந்திருந்து, வளர வளர இறுகுகிறது.

மனிதர்களைச் சொல்லவேண்டுமா? தாகம் தீர்ந்ததும் வாய் முளைத்தது. "எங்க முடி காத்துல ஆடுது. கயேசி முடி ஆடவே மாட்டேங்குதே," என்றாள் முதலில் குடித்தவள். "சீப்பு உள்ள போனா வெளிய வராது போல," என்றாள் இன்னொருத்தி. அவள் ஊற்றிய தண்ணீரைக் குடித்த வாயே அப்படிப் பேசியது. கயேசி ஒரு துணியை எடுத்துத் தலையை இறுக மூடிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

நஃபூலாவுக்குப் பொறுக்கவில்லை. தான் எழுந்து ஓடியபோதெல்லாம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள்தானே. சீப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"மதினி, துணியை எடுங்க. நான் சீவி விடுறேன்."

"நீயா? ரெண்டு இழுப்பு இழுத்துட்டு ஓடிருவ. ஏற்கெனவே வலிக்குது, போ."

"ஓட மாட்டேன்."

"பார்க்கலாம்."

கயேசியைத் தரையில் உட்காரவைத்து, தான் முக்காலியில் உட்கார்ந்து, அவள் தோளைத் தன் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். வேரிலிருந்து சீப்பை ஓட்டினாள். சீப்பின் பல் ஒடிந்தது. கயேசி "ஆ!" என்றாள். நஃபூலாவின் கால் எழுந்து ஓடத் துடித்தது. கொடி எப்படிச் செய்தது என்று யோசித்தாள். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்தாள். தண்ணீர் தொட்டு நனைத்தாள். பானையடியில் ஒட்டியிருந்த வெண்ணெயை வழித்துத் தடவினாள். நேர்முடியில் எண்ணெய் தானே வழிந்து நுனிக்குப் போய்விடும். இங்கே ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பிப் போகவேண்டும், பாதி வழியிலேயே களைத்து நின்றுவிடும். அதனால் நுனிவரை கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள். நுனியிலிருந்து சீவிக்கொண்டு மேலே வந்தாள். சிக்கு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது.

பிறகு பின்ன ஆரம்பித்தாள். அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. கால் ஓட முடியாததால் விரல் ஓடத் தொடங்கியது. மூன்று புரியாகப் பிரித்துப் பிரித்து, வரிசை வரிசையாக, வளைத்தும் நெளித்தும், அவள் போக நினைத்த வழியெல்லாம் கயேசியின் தலையில் பின்னலாக ஓடியது. கயேசி தன் வாழ்நாளில் சொல்லாததையெல்லாம் முதுகு காட்டியபடி சொன்னாள், நஃபூலா கேட்டாள். பேச்சில் ஒருமுறை கயேசி அழுதாள், ஒருமுறை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அயூமா பக்கத்தில் தவழ்ந்து வெண்ணெயை நக்கியது.

"ஆச்சா?" என்றாள் கயேசி.

"இன்னும் கொஞ்சம்தான் மதினி."

சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை அது என்று அவளுக்கு உறைத்தது. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

மாலையில் கயேசி துணியில்லாமல் வெளியே வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. அலையலையாய்ச் சுருண்டவர்களின் பின்னல் காலையில் போட்டால் சாயங்காலம் தளரும். கயேசியின் பின்னல் அடுத்த அமாவாசை வரை ஓரிழை பிசகவில்லை. அதே வாய்கள் வந்து, "எங்களுக்கும் போட்டு விடேன்," என்று கெஞ்சின. "உட்காருவீங்களா?" என்று கேட்டாள் நஃபூலா, ஊரிலேயே உட்காரத் தெரியாதவள். கயேசி சிரித்த சிரிப்பு குன்றுவரை கேட்டதாம்.

அன்று முதல்தான், அந்த ஜனங்களில் ஒரே தலையிலும் பிடரியில் இறுக்கமாகவும், கொடி முடிக்காமல் விட்ட நெற்றியோரம் தளர்வாகவும் சுருள் விழுகிறது. அன்று முதல்தான், தலை பின்ன உட்காரும் பிள்ளை நெளிந்தால் பின்னாலிருக்கும் முழங்கால்கள் மெல்ல அழுத்துகின்றன. "ஆச்சாம்மா?" என்று பிள்ளை கேட்கிறது. "இன்னும் கொஞ்சம்தான்," என்கிறாள் தாய், நஃபூலா உட்காராமல் விட்ட மிச்சம் இன்னும் தீரவில்லை என்று தெரிந்தும்.