திவான் போட்ட சப்பணம்

கொத்தலூர் ஜமீன் கச்சேரியில் மாசிலாமணி என்றொரு எழுத்தன் இருந்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை சாய்வு மேசை முன் தரையில் உட்கார்ந்து மனுக்களைப் படியெடுப்பது அவன் வேலை. அதனால் கொஞ்ச நேரம் சப்பணம் போடுவான், கொஞ்ச நேரம் ஒரு முழங்காலை நட்டுக்கொள்வான், பிறகு மண்டியிட்டு எழுதுவான்.

ஊஞ்சலில் சாய்ந்தபடியே உத்தரவு போடும் திவான் அகோரமூர்த்தி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"இது கச்சேரியா, கழைக்கூத்தாடி கூடாரமா? நாளையிலிருந்து எல்லாரும் முதுகை நிமிர்த்திச் சப்பணம் போட்டு உட்காரணும். மதியம்வரை எவன் கால் அசைந்தாலும் வேலை போச்சு."

"உத்தரவுங்க," என்றான் மாசிலாமணி. "ஐயாவே மேடையில உட்கார்ந்து காட்டினா, நாங்க பார்த்துப் பழகிக்குவோம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாளும்கூட."

திவானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் மேடையேறிச் சப்பணம் போட்டார். எழுத்தர்கள் மேசை மறைவில் காலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மேடையில் மறைவு ஏது? திவானுக்கு மீசை துடித்தது, கால் அசையவில்லை.

வெள்ளிதோறும் வருகிற வழக்கப்படி ஜமீன்தார் உள்ளே வந்தார். எழுத்தர்கள் சட்டென்று எழுந்து கும்பிட்டார்கள். திவானும் எழப் பார்த்தார். மரத்துப்போன கால் மடங்கி, பொத்தென்று மறுபடி உட்கார்ந்தார்.

"என்னைக் கண்டும் உட்கார்ந்திருக்கிறாரே, அவ்வளவு திமிரா?" என்றார் ஜமீன்தார்.

"திமிர் இல்லைங்க மகாராஜா," என்றான் மாசிலாமணி பணிவாக. "மதியம்வரை கால் அசையக் கூடாதுன்னு திவான் ஐயா உத்தரவு. எங்க கால் எல்லாம் மீறிடுச்சு. அவர் கால் ஒண்ணுதான் கீழ்ப்படிஞ்சிருக்கு."