ஒன்பதாவது ஜாடி

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு நாற்பத்து மூன்று. அதுவும் பெண். முதல் ஆறு மாதம் ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பிறகு அதற்கே அலுத்துப்போய் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

குருவின் பெயர் ரெஜினா. புதுச்சேரிக்கு வெளியே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஒரு சின்ன வடிசாலை. முந்திரிப் பழத்தைப் பிழிந்து, சாற்றை ஊறலாகப் புளிக்க வைத்து, அங்கே சாராயம் வடித்தார்கள். அரசாங்க உரிமம் கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் தொங்கியது. ஒரு செம்புக் கொப்பரை, அதன் தலையிலிருந்து வளைந்து இறங்கும் குழாய், குழாயைக் குளிர வைக்க ஒரு சிமென்ட் தொட்டி. ஆலை என்று சொல்ல அவ்வளவுதான். பரோட்டா போடுகிறவரையும் டான்ஸ் சொல்லித் தருகிறவரையும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற ஊர், ரெஜினாவையும் மாஸ்டர் என்றே கூப்பிட்டது.

சீடரின் பெயர் கலியபெருமாள். இரண்டு வருடத்துக்கு முன், பழம் உதிர்கிற பருவத்தில், ஒரு மஞ்சள் பையோடு வந்து வாசலில் நின்றார்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டார் ரெஜினா.

"தொட்டதில்ல."

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"எம் பையன் பாக்கெட் சாராயம் குடிச்சி செத்துப்போனான். இளவழகன்னு பேரு. இருபத்தாறு வயசு. அவனோட சேத்து ஏழு பேரு."

"எப்போ?"

"நாலு வருசம் ஆவுது. குடிக்கிறவன் எப்டியும் குடிக்கத்தான் போறான். விஷம் இல்லாம எப்டி வடிக்கிறதுன்னு நான் தெரிஞ்சிக்கணும்."

ரெஜினா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு ஒரு புளி உருண்டையைக் கையில் கொடுத்து, கொப்பரையைத் தேய்க்கச் சொன்னார்.

கலியபெருமாள் நன்றாகக் கற்றுக்கொண்டார். செம்பைத் துலக்கினால் முகம் தெரியும். கொப்பரைக்கும் தலைக்கும் நடுவே ஆவி போகாமல் மைதா மாவைப் பிசைந்து பூசுவதில் மாஸ்டரையே மிஞ்சினார். ஊறல் எப்போது பதமாயிற்று என்பதைத் தொட்டியின் மேல் காதை வைத்தே சொல்லிவிடுவார். தீயை அடக்கி எரிக்கத் தெரிந்தது. பிரான்சில் பட்டாளத்து வேலை முடிந்து திரும்பிய முதலாளி அந்துவான், "இவரை மாதிரி இன்னும் ரெண்டு பேரைப் புடிச்சிக்கிட்டு வா ரெஜினா" என்று சொல்லும் அளவுக்கு ஆயிற்று.

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. அதுதான் தொழிலே.

கொப்பரை சூடேறியதும் முதலில் சொட்டுவது ஆகாது. கண்ணை எரிக்கும், நகப்பூச்சு அழிக்கிற மருந்துபோல வாடை அடிக்கும். நடுவில் வருவதுதான் சரக்கு. கடைசியில் வருவதில் ஈரச் சாக்கின் நாற்றம் இருக்கும். மூன்றும் ஒரே நூலாக ஒழுகும். எது எங்கே முடிந்தது என்று யாரும் கோடு போட்டுக் காட்டுவதில்லை. அதனால் இருபத்துநாலு ஜாடிகளில் வரிசையாகப் பிடித்து, எண் எழுதி, மெல்லிய துணியால் மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, எதுவரை கொட்டுவது என்று முடிவு செய்வார்கள். முடிவு செய்தவரே முதல் மடக்கைக் குடிக்க வேண்டும். அது அந்த ஆலையின் வழக்கம்.

பதினெட்டு வருடம் அந்த முதல் மடக்கை ரெஜினாதான் குடித்தார். அந்த வருடம் மாசி மாதத்தில் அவர் கண் மஞ்சளாயிற்று. ஈரல் சுருங்கிவிட்டது, இனி ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் சொன்னார். சொன்ன விதத்தில் இரண்டாவது தடவை கேட்கத் தோன்றவில்லை.

இனி முடிவு செய்ய வேண்டியவர் கலியபெருமாள்.

"நீங்க குடிக்கணும்ணே. முடியுமா?"

"எனக்கென்ன மாஸ்டர், நான் குடிப்பேன். நான் குடிக்கிறதுக்கு பயப்படல. அடுத்தவன் குடிக்கிறதுக்குத்தான்."

முதல் தடவை அவர் ஒன்பது ஜாடிகளைக் கொட்டினார். புதுக்கை, சரி என்று விட்டார்கள். அடுத்த தடவை பன்னிரண்டு. அதற்கு அடுத்து பதினைந்து. கடைசி நான்கு ஜாடி எப்படியும் ஆகாது. இருபத்துநாலில் மிஞ்சியது ஐந்து. அந்துவான் வந்து ஐந்து ஜாடிகளையும் பார்த்தார், சாக்கடையையும் பார்த்தார்.

"சாக்கடைக்குத்தான் நல்ல சரக்கு போவுது. அடுத்த வடிப்பும் இப்டியே வந்தா, கொப்பரையை அவுத்துடலாம். உனக்கும் முடியல, இவருக்கும் வரல. மூடிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார்.

அந்த அடுத்த வடிப்பின் காலையில் ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் ஜாடிகளை மோந்து முடித்து, வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்தார்.

"எதுவரைக்கும்ணே?"

"பதினாறு."

"போன தடவை பதினஞ்சு."

"இதுல வாடை ஜாஸ்தியா இருக்கு மாஸ்டர்."

"எந்த ஜாடில?"

"எல்லாத்துலயுந்தான்."

கலியபெருமாள் வாளியை விட்டுவிட்டு ரெஜினாவின் எதிரில் வந்து நின்றார்.

"ஒரு கணக்கு சொல்லிடுங்க மாஸ்டர். அஞ்சா, ஆறா, எட்டா? நீங்க சொன்னதைக் கொட்டிட்டு நிம்மதியா இருந்துடறேன்."

"ஒவ்வொரு ஊறலும் ஒவ்வொரு மாதிரி. கணக்கு சொன்னா, அப்புறம் கணக்கைத்தான் மோப்பீங்க. ஒம்பதாவது ஜாடியை எடுங்க."

கலியபெருமாள் எடுத்துக் கொடுத்தார். ரெஜினா துணியை விலக்கினார். மோந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த சின்ன கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றி, அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"மாஸ்டர்!" கலியபெருமாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். கிளாஸ் காலியாகிவிட்டிருந்தது. "துப்புங்க! துப்புங்க மாஸ்டர்! அதுல இருக்கு!"

"என்னா இருக்கு?"

கலியபெருமாள் காலி கிளாஸைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"ஒரு சொட்டு கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே உங்களுக்கு."

"சொன்னாரு. நீங்க கொட்டப்போறது சரக்கா விஷமான்னு யாராச்சும் ஒருத்தர் பாக்கணுமில்ல?"

கலியபெருமாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் மாஸ்டரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் ரெஜினா.

"உடனே தெரியாது மாஸ்டர். பையன் சாயங்காலம் குடிச்சான். வந்து சாப்ட்டான், படுத்தான். காலையிலதான் எழுந்திரிச்சி, 'அப்பா, லைட்டைப் போடு'ன்னான். ஜன்னல் வழியா வெயில் அவன் மூஞ்சிலயே அடிச்சிக்கிட்டிருந்திச்சி."

ரெஜினா எழுந்தார். "சரி. அப்போ நாளைக்குக் காலையில பாப்போம். அதுவரைக்கும் எதையும் கொட்டாதீங்க."

அன்று கொப்பரை ஏற்றவில்லை. கலியபெருமாள் வீட்டுக்குப் போனார், சாப்பிடவில்லை. உடம்புக்கு என்ன என்று மனைவி தனபாக்கியம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். மறுநாள் ஆலைக் கதவு திறக்கும் முன்பே வாசலில் வந்து நின்றார். மாஸ்டர் வருகிறாரா என்று தோப்புப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம், அவர் வாழ்க்கையின் மோசமான நேரங்களில் இரண்டாவது.

ரெஜினா வந்தார். தாமதமாக, மெதுவாக வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"கண்ணு தெரியுதா?"

ரெஜினா உள்ளே போய், எதிர்ச் சுவரில் தொங்கிய உரிமத்தை வாசலில் இருந்தபடியே படித்தார். ஆலையின் பெயர், கதவு எண், அதிகாரியின் பதவி, கீழே பொடி எழுத்தில் இருந்த விதிகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தார். முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ராத்திரி ரெண்டு தரம் வாந்தி. அது ஈரலோட வேலை. ஒம்பதாவது ஜாடிக்கு அதுல சம்பந்தம் இல்ல."

"அப்போ ஒம்பதுல இல்ல" என்றார் கலியபெருமாள். வரிசையைப் பார்த்தார். அவர் கை பத்தாவது ஜாடியின் துணி மேல் போயிற்று. "பத்துல இருக்குமோ?"

கேட்டவருக்கே தான் கேட்டது காதில் விழுந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

ரெஜினா கேட்டார்: "அண்ணே, உங்க பையன் குடிச்சதை யாரு வடிச்சது?"

வெளியே தோப்பில் யாரோ பழம் பொறுக்குகிற சத்தம் கேட்டது. கலியபெருமாள் தரையில் சுருண்டு உட்கார்ந்தார்.

"யாரும் வடிக்கல" என்றார் கடைசியில்.

"அப்புறம்?"

"அது ட்ரம்முல வந்தது. பெயிண்ட் குடோன்ல ஊத்தி வெச்சிருக்கிற மெத்தனால். அதுல தண்ணியக் கலந்து பாக்கெட் போட்டுட்டாங்க."

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"அந்தக் குடோனுக்கு நான்தான் ஸ்டோர் கீப்பர்."

கலியபெருமாள் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"ஒருத்தன் சீட்டோட வந்தான். ஒரு ட்ரம் வேணும்னான். சீட்டு சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சிது. சாப்பாட்டு நேரம். யாரோ பெரிய எடத்துலேர்ந்து அனுப்பிச்சிருக்கானுங்க, நமக்கெதுக்கு வம்புன்னு நெனச்சேன். எதுக்குன்னு கேக்கல. நானே கைகுடுத்து வண்டியில ஏத்தி விட்டேன் மாஸ்டர். கயிறுகூட நான்தான் கட்டினேன்."

"போலீசு வரலையா?"

"வந்தாங்க. ராத்திரி திருடு போயிருக்கும்னு சொன்னேன். பையனைப் பறிகொடுத்தவன்னு என்னை ஒரு வார்த்தை சேத்துக் கேக்கல. டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க."

"வீட்ல அண்ணிக்கு?"

"தெரியாது. எவன் பண்ணானோ அவன் குடும்பம் வெளங்காதுன்னு தினமும் மண்ணை வாரித் தூத்துறா. வந்து எனக்கு சோறு போடுறா. நான் சாப்புடறேன்."

ரெஜினாவுக்கு அவர் மேல் கோபம் வந்தது. அறைந்துவிடலாம் என்று இருந்தது. அதே நேரம், தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனிதரைப் பார்க்கச் சகிக்கவும் இல்லை. செத்த ஏழு பேரின் வீடுகளும், ஒரு வீட்டில் பரிமாறப்படும் சோறும் ரெஜினாவின் நினைவில் மாறி மாறி வந்தன. இரண்டு வருடம் இந்த மனிதர் செம்பைத் துலக்கியது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

"நான் பண்ணது தப்புன்னு தெரிஞ்சிதான் இங்க வந்தேன்" என்றார் கலியபெருமாள். "ஏழு பேர் போனதுக்கு, ஆயிரம் பேருக்காவது நல்லதா வடிச்சிக் குடுத்துடலாம்னு நெனச்சேன். ஆனா கைய வெச்சா எல்லா ஜாடியும் அந்த ட்ரம் வாடைதான் அடிக்குது. மொதல்ல ஒம்பதைக் கொட்டிட்டா சரியாப்போவும்னு தோணுச்சி. அப்புறம் பன்னெண்டு. அப்புறம் பதினாறு. இருபத்துநாலையும் கொட்டிட்டாலும் அடிக்கும் போல இருக்கு."

அவர் அழுதார். ரெஜினா அழட்டும் என்று விட்டார். தண்ணீர் கொடுக்கவில்லை, தோளைத் தொடவில்லை.

அழுது முடித்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கலியபெருமாள் நிமிர்ந்தார். "எவ்ளோ கொட்டினா போதும் மாஸ்டர்? இத்தனை நாளா கேக்குறேன், ஒரு தடவையாவது சொல்லிடுங்களேன்."

ரெஜினா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்துகொண்டே போனார். ஐந்தாவது ஜாடியில் நின்றார். அதை மறுபடி ஒரு தடவை மோந்தார். முதல் நான்கையும் எடுத்து வாளியில் கவிழ்த்தார். கண்ணை எரிக்கும் வாடை அறை முழுக்கப் பரவியது.

"இந்த ஊறலுக்கு நாலு ஜாடி போதும்ணே" என்றார். "உங்களுக்கு எவ்ளோன்னு என்னால சொல்ல முடியாது. அதை தனபாக்கியம் அண்ணிதான் சொல்லணும்."