ஒரு பீப்பாய் நன்றி

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாத ஒரு ராஜ்யத்தில், மாறகேது என்றொரு மகாராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர்களுக்கும் சில நாள் காலையில் எழுந்ததுமே மூக்குக்கு மேல் கோபம் வரும் அல்லவா? அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் இது நடந்தது.

அன்று சபையில் ஆஸ்தானப் புலவர் சொல்விளம்பியார் மகாராஜாவுக்கு நன்றி சொல்லி நூறு பாட்டுப் பாடினார். முந்தின நாள் அவருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்திருந்தது. நாற்பதாவது பாட்டில் மகாராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. அறுபதாவதில் கண் சொருகியது. நூறாவதையும் பாடி முடித்த புலவர், மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த சால்வை நீல நிறமாக இருந்தால் நலம், மகாராஜா" என்றார்.

மகாராஜாவுக்குச் சுருக்கென்றது.

"போதும்! பட்டம் ஏறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கொடுத்துக் கொடுத்து என் கை ஓய்ந்துவிட்டது. நன்றி, நன்றி என்று எல்லாரும் சொல்கிறீர்கள். ஒருவர் நெஞ்சிலாவது அது தங்கியிருக்கிறதா? வாயில் பிறந்து காற்றில் போகிற நன்றி இனி எனக்கு வேண்டாம். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும், காதால் கேட்க வேண்டும், நாக்கால் ருசிக்க வேண்டும்!"

பிரதானி அச்சுதப்பர் மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார். அந்த மீசையின் சாயத்தைப் பற்றி விகடகவி வெள்ளியம்பலம் போன மாதம் ஏதோ சொல்லப்போக, மகாராஜா மூன்று நாள் சிரித்தார். அந்த மூன்று நாளும் அச்சுதப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

"மகாராஜா, இதற்குத் தகுந்த ஆள் நம் விகடகவிதான். வீட்டில் பீப்பாய் வைத்துக்கொண்டு ஏதேதோ செய்கிறார். தங்கள் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு பீப்பாய் நிறைய நன்றி கொண்டுவரட்டும். தவறினால் அவருடைய பானைகளை எல்லாம் உடைத்துவிட்டு, குடும்பத்தோடு எல்லையைத் தாண்டட்டும்."

கோபத்தில் இருந்த மகாராஜா, "ஆகட்டும்!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வெள்ளியம்பலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி உண்ணாமுலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே சொன்னேனே, வீட்டுக்குள்ள பீப்பாய் வேணாம்னு! கேட்டீங்களா?"

சிலருக்குச் சேவல் வளர்ப்பதில் பைத்தியம், சிலருக்குச் சொக்கட்டானில். வெள்ளியம்பலத்துக்குப் பானகம் புளிக்க வைப்பதில். விற்பதற்கு இல்லை. செய்து பார்ப்பதும், வந்தவர்க்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பதும், குடித்தவர் முகத்தைப் பார்ப்பதும்தான் அவனுக்குச் சந்தோஷம். வெல்லத்தைக் கரைத்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, நார்த்தங்காய் பிழிந்து பானையில் ஊற்றுவான். பழைய பானையின் அடியில் தங்கிய மண்டியில் ஒரு சொம்பு அளந்து அதில் சேர்ப்பான். அந்த மண்டி சேர்ந்தால்தான் பானகத்துக்கு உயிர் வரும். பானை வாயை மூடி, மூடியில் ஒரு நாணல் குழலைச் செருகி, குழலின் மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்துவான். உள்ளே பானகம் புளிக்கப் புளிக்க, கிண்ணத்தில் 'களக்... களக்...' என்று குமிழி வரும். காலையில் எழுந்ததும் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் அவன் பல் விளக்க மாட்டான்.

சத்தம் ஓய்ந்ததும் தெளிவைப் பீப்பாய்க்கு மாற்றி, ஒரு சின்ன வெல்லக் கட்டியைப் போட்டு, அடைப்பானை அடித்து இறுக்குவான். அந்த வெல்லம் கிளப்புகிற காற்று வெளியேற வழியில்லாமல் பானகத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். பிறகு திறந்து ஊற்றினால் நுரை பொங்கும், நாக்கில் சுருக்சுருக்கென்று குத்தும். ஒரு தடவை கட்டி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. அடைப்பான் கிளம்பிய வேகத்தில் கூரை ஓடு இரண்டு உடைந்தது. உண்ணாமுலை நாலு நாள் அவனோடு பேசவில்லை.

"நன்றியைக் கொண்டுபோய்ப் பீப்பாயில எப்படிப் போடுவீங்க? அது என்ன கத்திரிக்காயா?" என்று கேட்டாள் அவள். கண் கலங்கியிருந்தது. "இந்த ஊர்லதான் நமக்குன்னு நாலு பேர் கிடைச்சாங்க. இனிமே எங்க போறது?"

வெள்ளியம்பலம் மண்டி அளக்கிற சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரம் நெளிந்த வெண்கலச் சொம்பு அது. அதை வேறு எதற்கும் எடுக்க விடமாட்டான், வேறு யாரையும் துலக்க விடமாட்டான். பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டான்.

"ஏ உண்ணாமுலை, ரெண்டு கோணிப்பை எடு. நன்றி வாங்கப் போறேன்."

வீடு வீடாகப் போனான். "மகாராஜாவுக்கு நன்றி சொல்ல ஏதாவது இருக்கா? வாயால் சொல்ல வேணாம். பானகத்தில் போடுகிற மாதிரி ஒரு பொருள் கொடுங்க" என்றான். ஏரி தூர்வாரியதால் இந்த வருஷம் வயல் காயாமல் தப்பித்த ஒரு குடியானவர் ஒரு முறம் இஞ்சி கொண்டுவந்து கொட்டினார். ஒரு தாயின் மகன் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தான், அவனை மகாராஜாவே விசாரித்து விடுவித்தாராம். அந்தத் தாய் பேசவே இல்லை, பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லம் முழுவதையும் பையில் போட்டாள். ஓடக்காரர் ஒருவர் ஏலக்காய் கொடுத்தார். "படகில் ஓட்டை விழுந்தப்போ ராஜா எங்களோடு சேர்ந்து கையாலேயே தண்ணி இறைச்சாருப்பா, யாருகிட்டயும் சொல்லிக்கலை" என்றார். கேட்கக் கேட்க வெள்ளியம்பலத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நன்றி இந்த ஊரில் சத்தமே இல்லாமல் கிடந்திருக்கிறதே!

மாட்டுக்கொட்டில் வைத்திருந்த மருதாயி மட்டும் இடுப்பில் கை வைத்தாள்.

"நன்றியா? பட்டத்து யானை வந்து என் கொட்டிலை மிதிச்சு ஆறு மாசமாச்சு. ஏன்னு கேக்க நாதி இல்லை. இந்தா, இதைப் போடு உன் பானகத்தில்!" என்று ஒரு பிடி வேப்பம்பூவை நீட்டினாள்.

வெள்ளியம்பலம் சிரித்துக்கொண்டே அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

எல்லாம் பானைகளில் சேர்ந்தது. சொம்பால் மண்டி அளந்து ஊற்றினான். ஆறு நாள் வீடு முழுக்கக் களக் களக் என்று ஒரே பேச்சு. ஒன்பதாம் நாள் பீப்பாய்க்கு மாற்றி அடைப்பானை இறுக்கினானோ இல்லையோ, வாசலில் சேவகர்களோடு அச்சுதப்பர் வந்து நின்றார்.

"பிறந்தநாள் வரை இந்தப் பீப்பாய் அரண்மனைக் காவலில் இருக்கும். நீர் உள்ளே எதையாவது மாற்றிவிட்டால்?" என்றவர், அடைப்பான்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்து, குறுக்கே இரும்புப் பட்டையும் அடிக்கச் செய்தார்.

"பிரதானி அவர்களே, எடுத்துச் செல்லுங்கள். ஆனால் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தினமும் ஒரு தடவை அடைப்பானைத் தளர்த்தி மூச்சு விட வையுங்கள். அதற்குள் உயிர் இருக்கிறது" என்று கெஞ்சினான் வெள்ளியம்பலம்.

"பீப்பாய் மூச்சு விடுமா! விகடத்தை எல்லாம் சபையில் வைத்துக்கொள்ளும்" என்றார் அச்சுதப்பர். எப்படியாவது கெட்டுப் போகட்டும் என்று, அதை மடைப்பள்ளியில் பெரிய அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்.

அந்த மூன்று நாளும் வெள்ளியம்பலம் அரண்மனை மதிலையே சுற்றிச் சுற்றி வந்தான். சூடு ஏற ஏற உள்ளே காற்று பெருகும். பீப்பாய் வெடித்துவிட்டால் போச்சு, ஊரார் கொடுத்த அத்தனையும் சாம்பலில் போகும். பானைகளும் போகும், வீடும் போகும். மடைப்பள்ளிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால்கூட அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்ணாமுலை துணிமணிகளை மூட்டை கட்டி வைத்தாள்.

பிறந்தநாள் வந்தது. சபை நடுவே ஒன்றுக்கு இரண்டு பீப்பாய் நின்றன. "நானும் ஒரு பீப்பாய் நிறைக்கிறேன்" என்று சொல்விளம்பியார் தன் நூறு பாட்டையும் ஒரு காலிப் பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பாடி மூடிக் கொண்டுவந்திருந்தார். முதலில் அதைத் திறந்தார்கள். மகாராஜா காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கரப்பான்பூச்சி மட்டும் நிதானமாக வெளியே வந்து, சபையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

"அடுத்தது!" என்றார் மகாராஜா.

வெள்ளியம்பலம் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். பீப்பாயின் வளையங்கள் விம்மிப் புடைத்திருப்பதைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது. வெடிக்கவில்லை!

"பிரதானி அவர்களே, தயவுசெய்து தள்ளி நின்று..."

"எனக்குத் தெரியும்! இதில் ஒரு மண்ணும் இல்லை. என் கையால் திறந்தே காட்டுகிறேன்" என்ற அச்சுதப்பர், இரும்புப் பட்டையை நெம்பி எடுத்துவிட்டு, முகத்தை அடைப்பானுக்கு நேராக வைத்துக்கொண்டு ஒரு திருகு திருகினார்.

'டமார்!'

அடைப்பான் பிரதானியின் தலைப்பாகையைக் கொத்திக்கொண்டு போய்ச் சபையின் விதானத்தில் ஒட்டவைத்தது. பின்னாலேயே நுரை ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, அச்சுதப்பரைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டிவிட்டு, சிம்மாசனத்தின் படிவரை ஓடி வந்தது. மீசைச் சாயம் கரைந்து கன்னம் வழியாக இறங்கியது. அடுத்த கணம் சபையே அதிரும்படி சிரித்தவர் மகாராஜாதான்.

வெள்ளியம்பலம் வணங்கினான். "கண்ணால் பார்த்தீர்கள், காதால் கேட்டீர்கள், மகாராஜா. ருசிக்க வேண்டியதுதான் பாக்கி" என்று பீப்பாயில் மிஞ்சியிருந்ததைச் சொம்பில் பிடித்து நீட்டினான்.

மகாராஜா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த இஞ்சி?"

"ஏரி தூர்வாரியதற்கு ஒரு குடியானவர் கொடுத்தது."

"இந்த இனிப்பு?"

"மகன் திரும்பி வந்த ஒரு தாய். ஏலக்காய் ஓடக்காரருடையது. தாங்கள் கையால் தண்ணீர் இறைத்ததை அவர் மறக்கவில்லை. கொடுத்தவர்கள் ஒருவரும் வாய் திறந்து பாடவில்லை, மகாராஜா. மூடி வைத்திருந்தார்கள். அதனால்தான் இத்தனை வேகம்."

மகாராஜாவின் முகம் இளகியது. இன்னொரு வாய் குடித்தவர் புருவத்தை நெரித்தார். "கடைசியில் லேசாகக் கசக்கிறதே, இது யாருடையது?"

"அது மருதாயி என்கிறவள். பட்டத்து யானை அவளுடைய கொட்டிலை மிதித்துவிட்டது. நன்றி இல்லாத இடத்தில் இருந்ததையும் மறைக்காமல் போட்டுவிட்டேன்."

மகாராஜா மறுபடி சிரித்தார். "நாளைக்கே கொட்டில் எழும்பட்டும்!" என்றார். பிறகு வெள்ளியம்பலத்தைக் கூர்ந்து பார்த்தார். "எல்லாரும் போட்டதைச் சொன்னாய். நீ என்ன போட்டாய்?"

"மண்டி, மகாராஜா. தாங்கள் கொடுத்ததுதான்."

"நானா? எப்போது?"

"அந்தச் சொம்பைத் திருப்பிப் பாருங்கள்."

மகாராஜா மிச்சத்தைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்தார். அடியில், தேய்ந்துபோன எழுத்தில், அவருடைய தந்தையின் முத்திரை இருந்தது.

"தாங்கள் பட்டம் ஏறிய அன்று ஊருக்கெல்லாம் பானகம் ஊற்றினார்கள். அடியேன் பிழைக்க வழி தேடி வந்தவன், காய்ச்சலோடு கோட்டை வாசலில் கிடந்தேன். வரிசையில் நிற்கக் காலில் தெம்பு இல்லை. குதிரையில் வந்த தாங்கள் இறங்கி, தங்கள் சொம்பை என் கையில் கொடுத்து, 'குடி, சொம்பையும் நீயே வைத்துக்கொள்' என்று சொல்லிப் போனீர்கள். பாதி குடித்தேன். பாதியை நாளைக்கு இருக்கட்டும் என்று வைத்தேன். எழுந்து உட்கார மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அது நுரைத்திருந்தது. குடித்தேன், மூக்கில் ஏறியது, சிரித்துவிட்டேன். மாதக்கணக்கில் சிரிக்காதவன், மகாராஜா! அடியில் நின்ற மண்டியில் அடுத்த பானகத்தை ஊற்றினேன். அதன் மண்டியில் அதற்கடுத்தது. பன்னிரண்டு வருஷமாக அது சாகவில்லை, நான் சாக விடவில்லை."

மகாராஜா சொம்பின் நெளிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு நினைவே இல்லையே, வெள்ளியம்பலம்" என்றார், மெதுவாக.

"குடித்தவன் நான், மகாராஜா. நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவனும் நான்தானே?"

மகாராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து, நுரை ஒட்டிய கையோடு அவனைக் கட்டிக்கொண்டார். அரண்மனைத் தச்சர் கையால் தேக்கில் பன்னிரண்டு பீப்பாயும், குளிர்ந்த நிலவறை வைத்த ஒரு வீடும் கொடுக்க உத்தரவிட்டார். உண்ணாமுலை கட்டி வைத்த மூட்டை அந்த வீட்டுக்குத்தான் போனது. மகாராஜா தனக்கென்று கேட்டது ஒன்றுதான், ஒரு கரண்டி மண்டி.

அன்று முதல் அரண்மனைப் பின்கட்டிலும் களக் களக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. ராஜ காரியம் முடிந்ததும் மகாராஜா நாணல் குழலில் காதை வைத்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய பீப்பாய்க்குத் தினமும் மூச்சு விட வைக்கிற உத்தியோகம் பிரதானி அச்சுதப்பருக்குக் கிடைத்தது. முகத்தை மூன்று முழம் தள்ளி வைத்துக்கொண்டு அதை அவர் ஒழுங்காகவே செய்தார்.

மகாராஜா தன் கையால் செய்த முதல் பானகம் கொஞ்சம் புளிப்பு தூக்கல்தான். அதில் முதல் சொம்பை அவரே எடுத்துக்கொண்டு நிலவறை வீட்டுக்கு வந்தார். வெள்ளியம்பலம் இரண்டு கையாலும் வாங்கிப் பாதி குடித்தான்.

"மீதி?" என்றார் மகாராஜா.

"அது நாளைக்கு" என்று சொல்லிச் சொம்பை மூடி வைத்தான் வெள்ளியம்பலம். மகாராஜா சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.