இளவரசியின் பானகக் கடை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு நினைத்த நேரத்தில் நினைத்த ஆசை வந்துகொண்டிருந்த நாளில், ஓர் அரசர் கடைத்தெரு வழியாகப் பல்லக்கில் போனார். அங்கே புளிக்கடையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, மீசை நரைத்த வண்டிக்காரரோடு சரிக்குச் சரி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அரசர் பல்லக்கை நிறுத்தி, பேரம் படியும்வரை கேட்டார். அரண்மனைக்குத் திரும்பியதும் விகடகவி உலகப்பனுக்கு ஆள் போயிற்று.

"உலகப்பா, நம் மகள் நப்பின்னைக்கும் அதே வயதுதான். அவளுக்கு வியாபாரம் கற்றுக்கொடு."

உலகப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் சபை சிரித்துவிட்டது. அவன் பிழைப்பே அப்படி. பசிக்கிறது என்றாலும் சிரிப்பார்கள். மனைவி செத்துப்போனாள் என்று அவன் சொன்ன அன்றும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது.

மந்திரி நாகதேவர் மட்டும் சிரிக்கவில்லை. அரசர் தன்னை விட்டுவிட்டு ஒரு கோமாளியின் பேச்சைக் கேட்கிறாரே என்று அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, கற்றதற்கு அடையாளம் வேண்டாமா? பங்குனி உத்திரத்துக்குள் யாராவது ஒருவர் இளவரசியிடம் பேரம் பேச வேண்டும். இளவரசி அதற்கு ஈடுகொடுத்து விற்க வேண்டும். இல்லையேல் உலகப்பன் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். மற்றவர் தலையை அடகு வைப்பதில் அவருக்கு எப்போதுமே தாராளம்.

நப்பின்னைக்குத் தாய் இல்லை. தகப்பனாரைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. பணிப்பெண்களோ தாயக்கட்டத்தில் வேண்டுமென்றே தோற்பார்கள். கடை என்றதும் குழந்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பானகம் விற்பதென்று அவளே முடிவு செய்தாள். எலுமிச்சை பிழிந்தாள், சுக்கு தட்டிப் போட்டாள், வெல்லத்தை மறந்தாள். உலகப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வாங்குகிறவர்கள் சொல்லட்டும், அப்போதுதான் மனதில் நிற்கும் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

ஆனால் அன்று காலையிலேயே நாகதேவர் அரச முத்திரையோடு முரசறைந்திருந்தார். இளவரசி சொல்லும் விலையைக் குறைத்துக் கேட்பதும், பண்டத்தைக் குறை சொல்வதும் அரசரை அவமதிப்பது என்று ஆணை. கூட்டம் நெரிந்தது. நாலு காசு என்றாள், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். குடித்து, முகத்தைச் சுளிக்காமல் சமாளித்து, "அமிர்தம்" என்று சொல்லிவிட்டு விலகினார்கள். கடைசியில் அடியில் கிடந்ததை நப்பின்னை வாயில் விட்டுப் பார்த்தாள். உடனே துப்பினாள்.

"நல்லாவே இல்லையே மாமா. ஒருத்தர்கூடச் சொல்லலையே. எங்கிட்ட யாருமே நிஜமாப் பேச மாட்டாங்களா?"

 உலகப்பனுக்கு இது பழகிய வலி. நாடு கடத்தினால் அவனுக்கென்ன, எங்கே போனாலும் ஒற்றை ஆள்தான். தான் போய்விட்டால் இந்தப் பிள்ளை யாரிடம் இப்படிக் கேட்கும் என்று நினைத்தபோதுதான் பயம் வந்தது.

மறுநாள் வெல்லம் போட்டாள். அதுவும் அமிர்தம். படித்துறைக்குக் கடையை மாற்றினாள், வண்டிப்பேட்டைக்கு மாற்றினாள். எங்கே போனாலும் கும்பிட்டுக் காசு கொடுத்தார்களே தவிர, பேச நிற்பார் இல்லை.

உத்திரத்துக்கு முதல் நாள் உலகப்பன் சபையில் எழுந்தான். "மகாராஜா, அந்த ஆணை யாருக்கெல்லாம் பொருந்தும்?"

நாகதேவர் முந்திக்கொண்டார். "இந்நாட்டுப் பிரஜைகள் அத்தனை பேருக்கும். ஒருவருக்கும் விலக்கில்லை."

"பிரஜைகளுக்கு. நல்லது" என்று உட்கார்ந்தான். சபை வழக்கம்போலச் சிரித்தது.

அன்று மாலை நப்பின்னையிடம் கேட்டான். "அம்மா, உன் பானகத்தை இந்த ஊரில் இன்னும் யார் குடிக்கவில்லை?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். "அப்பா."

"அவருக்கு எப்போது தாகம் எடுக்கும்?"

அது அவளுக்குத் தெரியும். அவர் வழக்கு கேட்கும் மண்டபத்தில் தூண் மறைவில் நின்று எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். கடைசி வழக்கு முடியும்வரை அரசர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம்.

உத்திரத்தன்று வழக்குகள் முடிய உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. நா வறண்டு வெளியே வந்த அரசர், மண்டப வாசலில் பானையும் குவளையுமாக மகளைக் கண்டார்.

"ஒரு குவளை கொடம்மா."

"நாலு காசு."

"எனக்குமா?"

"கடைக்கு வந்தா எல்லாரும் ஒண்ணுதான்."

"நாலு காசு அநியாயம். கடைத்தெருவில் ஒரு காசுக்கு மோர் கிடைக்கிறதே."

"அப்ப கடைத்தெருவுக்கே நடந்து போங்க. நல்ல வெயிலு."

அரசர் அசந்துபோனார். மாதிரிக்கு ஒரு வாய் வாங்கிச் சுவைத்தார். "சுக்கு தூக்கல். இதற்கு இரண்டு காசே அதிகம்."

நப்பின்னையின் முகம் மலர்ந்தது. "தூக்கலா? நிஜமாவா அப்பா? எவ்வளவு தூக்கல்?"

அரசர் விளக்கிச் சொல்லப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் சுக்கின் விலையைச் சொன்னாள், அவர் எலுமிச்சையில் குறை கண்டார். நாகதேவர் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார். "மகாராஜா, தங்கள் ஆணையைத் தாங்களே மீறலாமா? இந்தப் பேரம் செல்லாது."

"மந்திரியாரே" என்றான் உலகப்பன், "ஆணை பிரஜைகளுக்கு என்றீர்கள். மகாராஜா யாருக்குப் பிரஜை? யாராவது ஒருவர் பேரம் பேச வேண்டும் என்றீர்கள். மகாராஜா அந்த ஒருவர் ஆகமாட்டார் என்றால், அதை அவரிடமே சொல்லுங்கள்."

 அரசர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி மகளே, மூன்று காசு. கொடு."

நப்பின்னை குவளையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"மூன்றும் போதாதா?"

"போதும். ஆனா வித்துட்டா நீங்க எழுந்து போயிடுவீங்களே."

அரசரின் சிரிப்பு நின்றது.  "நாளையும் வருகிறேன். அப்போது குறைத்துத் தருவாயா?"

"தரேன்" என்று குவளையை நீட்டினாள்.

ஆணை அன்றே ரத்தாயிற்று. பானகத்துக்குச் சுக்கு தட்டும் வேலை நாகதேவருக்கு. அரசர் மறுபடி சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி உலகப்பன் கழுத்தில் போட்டார். அவன் அதோடு வீட்டுக்குப் போய், காட்ட ஆளில்லாமல், கழற்றிப் பெட்டியில் வைத்தான்.

மறுநாள் கடைசி வழக்கு முடிந்ததும் அரசர் வேகமாக வாசலுக்கு வந்தார். விலை ஆறு காசாக ஏறியிருந்தது.

"நேற்று குறைப்பதாகச் சொன்னாயே?"

"குறைக்கிறேன் அப்பா. முதல்ல உட்காருங்க."