நீர்க்கரடிக்குள் மனித மரபணு

"அந்த அங்கம்மாளை வேலையை விட்டு நிறுத்திடுங்க மேடம். என்னோட ரெண்டு வருஷ உழைப்பு மண்ணாப் போச்சு."

வந்ததும் வராததுமாகத் தணிகாசலம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

வயது நாற்பத்தாறு. மலையடிவாரக் கல்லூரி ஒன்றில் உயிரியல் நடத்துகிறவர். முனைவர் பட்டத்துக்காக நசீமாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். நசீமா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

நசீமா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"நீர்க்கரடியோட மரபணுவைப் பிரிச்சு சோதனைக்கு அனுப்பினேன் இல்லையா, அறிக்கை வந்துடுச்சு. மனுஷ மரபணு கலந்து கிடக்காம். குழாய் கழுவுறது அவதானே? அவ கை பட்டுத்தான் எல்லாம் கெட்டுச்சு."

"அவங்ககிட்ட விசாரிச்சீங்களா?"

"விசாரிக்கிறதென்ன! நேத்தே எல்லார் முன்னாலயும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

நசீமா நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார்.

"வந்து பாருங்க."

தணிகாசலம் குனிந்தார். பாசியைப் பிழிந்த ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குள் எட்டுக் காலும் நகமுமாக, கொழுத்த கரடிக்குட்டிகள் மாதிரி அவை உருண்டு புரண்டு நடந்தன. வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாத ஜீவன்கள். ஒன்பது வருஷம் காய்ந்து சுருண்டு கிடந்தவை. காலையில்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள்.

"இதுல ஆண் எது?"

"இந்த இனத்துல ஆணுக்கு எங்க போறது மேடம்? அத்தனையும் பெண்ணு. துணையே இல்லாம முட்டை வைக்கும். எனக்கே பரீட்சையா?" அவர் சிரித்தார்.

நசீமா சிரிக்கவில்லை.

"அறிக்கையை முழுக்கப் படிச்சீங்களா?"

"முதல் பக்கம் பார்த்தேன். வயிறு எரிஞ்சுது. அதுக்கு மேல எங்க படிக்கிறது?"

"எனக்கும் ஒரு பிரதி வந்துச்சு. கடைசிப் பக்கத்தை வாசிங்க. சத்தமா."

வாசித்தார்.

"கலந்துள்ள மனித மரபணு முழுவதும் ஒரே நபருடையது. அதில் ஒய் குரோமோசோமின் பகுதிகளும்..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

ஒய் குரோமோசோம் ஆணின் உடம்பில் இருப்பது. வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கேள்வி கேட்டு, தப்பாகச் சொன்ன பிள்ளைகளை நிற்கவைத்தவர் அவர்.

"இந்த ஆய்வகத்துல ஆம்பளைங்க எத்தனை பேர்?"

அவர் ஒருவர்தான். விரல் வியர்க்கிறதென்று கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை பார்த்த மத்தியானங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

கதவு திறந்தது. கழுவிய குழாய்களைத் தட்டில் ஏந்தியபடி அங்கம்மாள் வந்தார். இரண்டு கையும் செக்கச்செவேலென்று, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டேன் சார். இனிமே என் கையிலேர்ந்து எதுவும் ஒட்டாது. இந்தக் குழாய்களை வேண்டாம்னுடாதீங்க."

தட்டை மேசையில் வைத்தார். விரல் படாமல், முந்தானையால் பிடித்துத்தான் வைத்தார். வெளியே போய்விட்டார்.

தணிகாசலம் அறிக்கையை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

"மேடம்... நீங்களே அவங்களைக் கூப்பிட்டு, பக்குவமா ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

நசீமா மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

"நேத்து திட்டுறதுக்கு என்னையா அனுப்பினீங்க?"