நாடாவா, பூச்சா

"வண்டி தீப்பிடிச்சா மொதல்ல ஆளைத் தேடுங்கடா, அப்புறம்…" என்று சென்னியப்பனின் பெரியப்பா ஒரு கூட்டத்தில் பேசியது சென்னியப்பனுக்குப் பாதிதான் நினைவிருந்தது. அப்புறம் எதைத் தேடச் சொன்னார் என்பது மறந்தே போயிற்று. பிணவறை வாசலில் நின்றபோது அந்தப் பாதிதான் திரும்பத் திரும்ப வந்தது. ஆளைத் தேடி எடுத்தாகிவிட்டது. தங்கராசு உள்ளே கிடந்தான். அவன் அண்ணன் நாச்சிமுத்து வெள்ளி அரைஞாணை வைத்துத்தான் அடையாளம் சொன்னான்.

நடந்தது இது.

சென்னியப்பனுக்குத் திருச்செங்கோட்டில் இரண்டு போர்வெல் வண்டிகள். இரண்டும் ஒரே அச்சு. ஆழ்துளைக் கிணறு போடும்போது காற்றடிக்கும் எஞ்சின் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும். எஞ்சினின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்பு மேனிபோல்டு பழுத்துச் செக்கச்செவேல் என்று நிற்கும். தூரத்து வேலைக்குத் தோதாக இருக்கட்டும் என்று இரண்டு வண்டியிலும் கூடுதலாக ஒரு டீசல் டேங்க் ஏற்றியிருந்தார் சென்னியப்பன். அதற்கு இடம் விடுவதற்காக, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் ஓரமாய்ப் போன ஹைட்ராலிக் எண்ணெய் ஓஸை, அந்த ரப்பர் குழாயை, தூக்கி மேனிபோல்டுக்கு மேலாக இழுத்துவிட்டார்கள். ஓஸ் வெந்துவிடுமே என்ற பயத்தில்தான் மேனிபோல்டை எதனால் மூடுவது என்ற பேச்சே எழுந்தது.

மெக்கானிக் லூர்து, "செராமிக் கோட்டிங் போடுங்க ஓனரே" என்றான். "கோயமுத்தூர்ல மணலடிச்சு, பூச்சுப் பூசி, அடுப்புல வெச்சு எடுத்துத் தருவாங்க. ஒரு வாரம் ஆகும். எண்ணெய் பட்டாலும் உறிஞ்சாது. இரும்பு விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியும்."

துளை போடும் நாச்சிமுத்து சிரித்தான். "ஒரு வாரம் வண்டி நின்னா நாங்க பூப்பறிக்கப் போறதா? ஹீட் ராப்னு சூடு தாங்கற துணி நாடா இருக்குதுல்ல, அதைத் தண்ணில ஊறவெச்சு இறுக்கிச் சுத்தினா மத்தியானமே கெளம்பலாமுங்கண்ணா. லூர்து, உன்ற பூச்சைவிட நாடாதான் சூட்டைப் புடிச்சு வெக்கும். இல்லீன்னு சொல்லு பாக்கலாம்."

"புடிக்கும். எண்ணெயையும் சேத்துப் புடிக்கும்" என்றான் லூர்து.

அது கோடை. எல்லா ஊரிலும் கிணறு வற்றிக் கிடந்தது. சென்னியப்பன் நாடா என்றார். லூர்து அரை மனதாகச் சுற்றிக் கொடுத்தான். ஆனால் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டான்: நாடாவில் எண்ணெய் பட்டால் அந்த நிமிஷமே எஞ்சினை நிறுத்தி அதைப் பிய்த்தெறிய வேண்டும்.

"என்ற தம்பி மேல ஆணை" என்றான் நாச்சிமுத்து. காற்று எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் அந்தத் தம்பி தங்கராசு பக்கத்தில் நின்று, "ஏன், உன்ற மேல வெச்சா ஆகாதா?" என்று கேட்டான்.

தர்மபுரிப் பக்கம் ஒரு நிலக்கடலைக் காடு. போட்ட இரண்டு துளையிலும் புழுதிதான் பறந்தது. மூன்றாவது பாதியில் இருக்கும்போது ஓஸின் மூட்டு கசிந்தது. நாடா எண்ணெயைக் குடித்துப் புகைய ஆரம்பித்தது. நாச்சிமுத்து நிறுத்தப் போனான். காட்டுக்காரனும் பங்காளிகளும் கடப்பாரையோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"தண்ணியைக் காட்டாம எஞ்சின் நின்னுது, வண்டியோட உன்னையும் சேத்துக் கொளுத்திருவோம்."

எதிர்த்துப் பேசியதற்கு ஒரு கடப்பாரை நாச்சிமுத்துவின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறித் தங்கராசுக்குக் கேட்டது. தொங்கிய கையோடு நாச்சிமுத்து முதலாளிக்குப் போன் போட்டு, நாடா புகைவதையும் தோள் முறிந்ததையும் சொன்னான். சென்னியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிறுத்த வேண்டாம். முடிச்சுக் குடுத்துட்டு வந்துரு நாச்சி" என்றார்.

நாச்சிமுத்து தம்பியை ஈரச் சாக்கோடு எஞ்சின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டினான்.

ஓஸின் மூட்டு பிய்த்துக்கொண்டது. பீய்ச்சிய எண்ணெயில் நாடா குப்பென்று பந்தமாய்ப் பற்றியது. கடப்பாரைக்காரர்கள்தான் முதலில் ஓடினார்கள். எஞ்சின் ஓடுகிற வரைக்கும் எண்ணெய் பீய்ச்சும், தீயும் அடங்காது என்று தங்கராசுக்குத் தெரியும். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்து நிறுத்தும் கம்பியை இழுத்தான். எஞ்சின் நின்றது. அவன் வெளியே வரவில்லை.

பிணவறை வாசலுக்கு லூர்து வந்தான். நாச்சிமுத்து இடது கையால் ஒரு செங்கல்லை எடுத்து அவன் நெற்றியில் அடித்தான். மறுபடி அடித்தான். மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது சென்னியப்பன் குறுக்கே விழுந்து பிடித்தார்.

"சுத்துனது உன்ற கைதானடா?" என்று கத்தினான் நாச்சிமுத்து.

லூர்து கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். "நிறுத்தறேன்னு ஆணை வெச்சது யாரு? யாரு மேல வெச்ச?"

நாச்சிமுத்து செங்கல்லைக் கீழே போட்டான். கூட நின்ற வேலையாட்கள் முதலாளியைப் பார்த்தார்கள். இரண்டாவது வண்டி அதே டேங்கோடும் அதே ஓஸோடும் மறுநாள் கிளம்ப வேண்டியது. தப்பு யாருடையது, அந்த மேனிபோல்டுக்கு என்ன போடப் போகிறீர்கள் என்று சொன்னால்தான் ஏறுவோம், இல்லையென்றால் யாரும் ஏறுவதாயில்லை என்றார்கள்.

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்று தெரிந்தும் நாடாவைச் சுற்றிக் கொடுத்த லூர்து, ஆணையை மீறி ஓட்டிய நாச்சிமுத்து, நிறுத்த வேண்டாம் என்ற சென்னியப்பன், இந்த மூவரில் தங்கராசைக் கொன்ற தப்பு யாருடையது? இரண்டாவது வண்டிக்கு எது சரி, நாடாவா, பூச்சா?

விடை: எண்ணெய் படக்கூடிய இடத்தில் நாடா ஆகாது, பூச்சுதான் சரி. ஆனால் பூச்சுப் பூசிய இரும்பும் சுடத்தான் செய்யும். மேலே ஓஸ் பிய்த்துக்கொண்டால் அதிலும் தீப்பிடிக்கும். லூர்து எச்சரித்துவிட்டுத்தான் சுற்றினான், நாச்சிமுத்து அடிபட்ட பிறகுதான் ஓட்டினான். இருவருக்கும் தப்பில் பங்கு உண்டு. எண்ணெயை நெருப்புக்கு மேலே கொண்டுபோய் வைத்ததும், நாடா புகைகிறது என்று தெரிந்தும் எஞ்சினை ஓட்டச் சொன்னதும் ஒரே ஆள், முதலாளி; பெரிய தப்பு அவருடையதுதான். சென்னியப்பன் இரண்டாவது வண்டியை அனுப்பவில்லை. டேங்கை இறக்கி, ஓஸைச் சேசிஸ் ஓரத்துக்கு மாற்றி, மேனிபோல்டைப் பூச்சுக்குக் கோயமுத்தூர் அனுப்பினார். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்று சொன்னார்.