உச்சந்தலைத் திருடன்

வெண்கரை நாட்டு மகாராஜா மழவராயருக்கு இரண்டு கவலைகள். இரண்டும் கிரீடத்துக்குள்ளேயே குடியிருந்தன. ஒன்று பொடுகு. சபையில் வழக்கு சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் தலை அரிக்கும். கிரீடத்தை ஒரு பக்கம் தூக்கிச் செங்கோல் நுனியால் சொறிந்துகொள்வார். இன்னொன்று உச்சந்தலையில் விழுந்த வட்டம். போன வருஷம் வெற்றிலை அளவு இருந்தது. இந்த வருஷம் தாம்பாளமாகும் உத்தேசத்தில் இருந்தது.

மகாராஜா சொறிவதைப் பார்த்தாலே விகடகவி கோதண்டத்துக்கும் தலை அரிக்கும். அவனுக்கும் பொடுகு உண்டு. தோளில் எப்போதும் மாவு சலித்த மாதிரி உதிர்ந்து கிடக்கும். ஆனால் குடுமி மட்டும் ஒரு கைப்பிடிக்குள் அடங்காது.

ஒரு நாள் அரண்மனை வைத்தியர் நீலமேகம் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, பொடுகுதான் முடியின் வேரைத் தின்கிறது. அந்தப் பொடுகைக் கொண்டுவந்தது நாவிதன் சிங்காரத்தின் கத்தி."

விஷயம் வேறு. வைத்தியர் தினமும் மகாராஜா தலையில் அப்பும் கெட்டி எண்ணெய்தான் பொடுகை வளர்க்கிறது என்று சிங்காரம் ஒரு தடவை உளறிவிட்டான். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மகாராஜா சொறிந்தபடியே ஆணையிட்டார்.

"என் முடியைப் பறித்தவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

சிங்காரம் கோதண்டத்தின் பக்கத்தில் வந்து நின்றான். "அய்யா, கத்தியை வெந்நீர்ல போடாம ராசா தலையை நான் தொட்டதே இல்லீங்க. வீட்டுல அவ ஏழு மாசம். இப்பப் போயி எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

கோதண்டம் எழுந்துவிட்டான்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். பறித்தவன் யாராக இருந்தாலும் போக வேண்டுமா?"

"யாராக இருந்தாலும்."

"குடும்பத்தோடு?"

"ஒருவர் பாக்கியில்லாமல்."

"அப்படியானால் ஏகாதசி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். திருடனைக் காட்டுகிறேன். ஆனால் அன்றைக்குப் பெருமாள் கோயிலில் நீங்கள் சடாரியைக் கடைசியில் வாங்க வேண்டும்."

சபை முணுமுணுத்தது. பெருமாளின் பாதம் பொறித்த சடாரியை அர்ச்சகர் தலையில் கவிழ்த்து எடுக்கும்போது எல்லோரும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் குனிவார்கள். முதல் மரியாதை மகாராஜாவுக்கு. வாங்கியதும் அவர் பிரகாரம் சுற்றப் போய்விடுவார். பின்னால் குனியும் தலைகளை அவர் பார்த்ததே கிடையாது. வரிசையின் கடைசியில் நிற்கும் கோதண்டத்துக்கோ பல வருஷமாக அதைத் தவிர வேறு காட்சி கிடையாது.

திருடன் மேல் இருந்த ஆத்திரத்தில் மகாராஜா சம்மதித்தார்.

ஏகாதசி வந்தது. கோயில் வாசலில் வில்வண்டிகள் வரிசையாக நின்றன.

"இதெல்லாம் என்ன?"

"திருடன் குடும்பத்தை ஏற்றிப்போக, மகாராஜா."

சன்னதியில் மகாராஜா கோதண்டத்தோடு மேல்படியில் நின்றுகொண்டார். மூத்த சித்தப்பா தலைப்பாகையைக் கழற்றிக் குனிந்தார். உச்சியில் வட்டம். இளைய சித்தப்பா குனிந்தார். அதே இடத்தில் அதே வட்டம். அவர்களுடைய பிள்ளைகள் ஐந்து பேரும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கடைக்குட்டிக்கு இப்போதுதான் ஒரு ரூபாய் அளவு விழுந்திருந்தது. ஏழு தலையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன.

மகாராஜாவின் கை தானாக உச்சிக்குப் போயிற்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டால் முதல் வண்டியில் ஏறப்போவது கோதண்டம்தான். ஆனாலும் சொன்னான்.

"பெரியவர் நல்லெண்ணெய் தேய்ப்பவர். சின்னவர் எண்ணெயே தொடமாட்டார். இவர்கள் ஒருவர் தலையிலும் பொடுகு இல்லை. சிங்காரத்தின் கத்தியும் பட்டதில்லை. எனக்கோ பொடுகு மூட்டைக் கணக்கில். குடுமியைப் பாருங்கள்."

வைத்தியர் விடவில்லை. "பொடுகுக்கும் முடிக்கும் சம்பந்தமே இல்லை என்கிறாயா?"

"இருக்கிறது, வைத்தியரே. அரிப்பில் செங்கோலைப் போட்டுச் சொறிந்தால் இருக்கிற முடியும் சீக்கிரம் கழன்றுகொள்ளும். உங்கள் எண்ணெயை நிறுத்திவிட்டுச் சிங்காரத்தின் சீயக்காயைப் போட்டு அலசினால் அது அடங்கும். வட்டம் அப்படி அடங்காது. அது வம்ச சொத்து."

"அப்படியானால் திருடன் யார்?" என்றார் மகாராஜா.

"தங்கள் பாட்டனார். அவர் நாட்டை விட்டு மட்டுமில்லை, உலகத்தை விட்டே போய்விட்டார். குடும்பம்தான் பாக்கி. ஆணைப்படி வண்டிகள் தயார்."

சித்தப்பாக்கள் தலைப்பாகையும் கையுமாக விழித்தார்கள். மகாராஜா வாசலை எட்டிப் பார்த்தார்.

"இவர்கள் ஏழு பேர்தானே? எட்டு வண்டி நிற்கிறதே?"

"எட்டாவது தங்களுக்கு, மகாராஜா. தூரப் பயணமாயிற்றே என்று மெத்தை போடச் சொல்லியிருக்கிறேன்."

மகாராஜா சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஏழு தலைகளைப் பார்த்ததும் பாரம் இறங்கிவிட்டது.

ஆணை ரத்தானது. கோதண்டத்துக்கு முத்துமாலை கிடைத்தது. வைத்தியரின் எண்ணெய்க் குடங்கள் கோயில் விளக்குக்குப் போயின, நன்றாகவே எரிந்தன. மெத்தை போட்ட வண்டி சிங்காரத்தின் மனைவியைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டது.

அதன் பிறகு மகாராஜா எப்போதும் சடாரியைக் கடைசியில்தான் வாங்கினார். என்ன பணிவு, என்ன பக்தி என்று ஊரே மெச்சியது. பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த கோதண்டத்துக்கு மட்டும்தான் தெரியும், அவர் குனிகிற தலைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று.